அக்கா வைத்த வயிற்றுவலிப் பரீட்சை

என் அக்காவுக்கு மருத்துவக் கல்லூரியில் வாத்தியார் வேலை. முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதோடு நிற்காமல், அந்தப் பாடத்திட்டத்தையே புரட்டிப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"வருஷம் பூரா எலும்புப் பேரையே மனப்பாடம் பண்றாங்கடா. நோயாளி மூஞ்சியவே பாக்கறதில்ல. வந்த முதல் மாசமே ஒரு மனுஷன்கிட்ட உக்காந்து பேசக் கத்துக்கணும்."

சாப்பிடும்போதும் இதே பேச்சுதான். வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. எனக்கோ கேட்கக் கேட்க உற்சாகம் ஏறியது.

காரணம், அந்த நோயாளி நான்தான்! வைத்திருப்பது போட்டோ ஸ்டுடியோ என்றாலும் நடிப்பென்றால் எனக்கு உயிர். பரீட்சைக்கு ஒரு பொய் நோயாளி வேண்டும் என்று அக்கா சொன்னதுமே கடையைப் பூட்டிவிட்டேன். வயிற்றுவலி என்றாள், தரையில் விழுந்து புரண்டு காட்டினேன்.

"எந்திரிடா. சாப்பாடு இறங்கல, தூக்கம் வரல, வயிறு வலிக்குது. நடுவுல, பொண்டாட்டி போன மாசம் செத்துப்போச்சுன்னு ஒரு தடவ சொல்லணும். அவ்வளவுதான்."

"அது அவ காதுல விழுந்தா அப்புறம் நான்தான் சாகணும்."

அக்கா சிரிக்கவில்லை. "இந்த வெள்ளோட்டம் சொதப்பினா என் திட்டத்தக் குப்பையில போட்டுருவாங்கடா," என்றாள்.

அவள் பயந்தது எலும்பு சாருக்கு. அவர் பெரிய அறுவை சிகிச்சை டாக்டர். முதல் வருஷத்துக்கு எலும்பு போதும் என்று அடம்பிடிப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அன்று அவரும் கல்லூரி முதல்வரும் முடிவுக்காகப் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள். நான் நோயாளியாக உட்கார்ந்த அறையின் மூலையில் அக்கா மார்க் தாளோடு உட்கார்ந்தாள். கேட்க வேண்டிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க்.

பிள்ளைகள் படுசுட்டிகள். எதற்கெல்லாம் மார்க் என்று மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து, கை கழுவி, பேர் கேட்டு, கடகடவென்று ஒப்பித்தார்கள். பொண்டாட்டி செத்துப்போச்சு என்று நான் தழுதழுத்தால், "ஓகேங்க, வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்றான் ஒருவன். இன்னொருத்தி "வெரி குட்" என்றே சொல்லிவிட்டாள்.

எல்லோரும் பாஸ். நானும் அக்காவும் பக்கத்து அறைக்குப் போனதும் முதல்வர் பேனாவைத் திறந்தார். நான் துள்ளிக் குதிக்காத குறை.

"கையெழுத்துப் போடாதீங்க சார். என் மார்க் தாளே தப்பு," என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடி வந்த காரியத்தைத் தானே கலைப்பவளை என்ன செய்வது?

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, இதெல்லாம் ஒத்து வராதுன்னு," என்றார் எலும்பு சார்.

"நீங்க ஒரு தடவ உள்ள போங்க சார். அப்புறம் பேசுவோம்."

நான் முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன். அவரும் பின்னாலேயே அக்காவும் வந்தார்கள். பேர், வயசு, வலி எங்கே, எத்தனை நாளாக என்று கேட்டார். வயிற்றுவலியைச் சொன்னேன். பொண்டாட்டி சங்கதியையும் சொன்னேன். மனிதர் பேனாவை மூடிப் பையில் செருகினார். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"வீட்டுல தனியாவா இருக்கே?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. எனக்கோ அதற்குமேல் வசனம் இல்லை. "அவ படுக்கிற பக்கம் திரும்பவே முடியலைங்க," என்று எங்கிருந்தோ வந்தது. வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருப்பவளுக்காகத் தேம்பித் தேம்பி அழுதேன். நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

வெளியே அக்கா மார்க்கைக் கூட்டினாள். "இருபதுக்கு நாலு. நீங்க ஃபெயில் சார்."

முதல்வருக்குப் புரையேறிவிட்டது. எலும்பு சார் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"பசங்க எவ்வளவு?"

"பதினெட்டுக்குக் கீழ யாரும் இல்ல."

"அந்தாளு பொண்டாட்டி செத்ததப் பத்தி யாரு கேட்டாங்க?"

"யாருமே கேக்கல சார்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு முதல்வர் பக்கம் திரும்பினார்.

"திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுங்க. தாள நானும் இந்தம்மாவும் உக்காந்து திருத்திக்கிறோம். அதுவரைக்கும் அந்தப் பசங்க ஒருத்தனும் பாஸ் இல்ல."