நான் மறைத்த நாலு கமெண்ட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. கள்ளக்குறிச்சியில், துருகம் ரோட்டில் இருந்த ஒரு சத்துமாவு கம்பெனியின் மாடி அறையில் உட்கார்ந்து, அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்வராயன் மலையில் விளையும் சாமை, தினை எல்லாம் வாங்கி வந்து, வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிற இடம். கீழே ஐந்தாறு பெண்கள் வேலை பார்ப்பார்கள். ஓனரும் ஒரு பெண்தான். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில்; இந்தப் பக்கமும் என் பொறுப்பில்தான் இருந்தது. என்ன வேலை என்று என் மாமியாருக்கு இன்று வரை விளங்கவில்லை. "போன் பாக்கற வேல" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

அக்கா என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. "லைக்கு ஜாஸ்தியா வருது, ஆர்டரு கம்மியாய்க்கினே போவுது. இன்னா கோளாறுன்னு நீயே பாத்து சொல்லு" என்று சொல்லியிருந்தார். ஒரு வாரமாக ஒவ்வொரு பதிவாகப் பார்த்துக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். எந்த நேரத்தில் போட்டால் நிறையப் பேர் பார்க்கிறார்கள், எந்தப் படம் எடுபடுகிறது, எந்த வீடியோவைப் பாதியில் விட்டு ஓடுகிறார்கள் என்று ரிப்போர்ட் கிட்டத்தட்டத் தயார். அதில் ஒரு வரியைப் பெருமையாக எழுதியிருந்தேன்: கமெண்ட் பகுதி மிகச் சுத்தமாக இருக்கிறது. உண்மையும் அதுதான். எங்கே பார்த்தாலும் இதயமும் பூங்கொத்தும்தான்.

அந்த வரியைத் திரும்பப் படித்தபோதுதான் உறுத்தியது. நாலு மாதமாக ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. பார்சல் லேட் என்றுகூட யாரும் எழுதவில்லை. நம் ஊர்க்காரர்கள் கல்யாண வீட்டுப் பாயசத்தில் முந்திரி குறைந்தால்கூட நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் இலையை மூடுவார்கள். இவ்வளவு நல்லவர்களாக எப்போது மாறினார்கள் என்று யோசித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தச் சுத்தம் என் கைவேலை.

அதற்கு நாலு மாதம் முன்னால் யாரோ ஒரு ஆள், போட்டிக் கம்பெனியோ வேறு யாரோ தெரியாது, பக்கத்தில் வந்து கண்டபடி எழுதிக்கொண்டிருந்தான். உங்கள் மாவைப் பார்த்தாலே வாந்தி வருகிறது என்கிற ரகம். பேர் மாற்றி மாற்றி வந்ததால் அவனைத் தடுக்க முடியவில்லை. அப்போது ஃபேஸ்புக்கில் உள்ள ஒரு வசதியைப் பயன்படுத்தினேன். நாம் சில வார்த்தைகளைக் கொடுத்து வைத்தால், அந்த வார்த்தை உள்ள கமெண்ட் எதுவானாலும் தானாகவே மறைந்துவிடும். மோசம், ஏமாற்று, கசப்பு, கசப்பா, பூச்சி, புழு, வாந்தி என்று ருசித்து ருசித்துப் பட்டியல் போட்டேன். நிஜமாகவே குறை இருப்பவர்கள் போன் பண்ணுவார்கள் என்று அக்காவிடம் விளக்கம் வேறு சொன்னேன். அதன் பிறகு மறைந்தவை என்னென்ன என்று ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

அன்றைக்குத் திறந்தேன். பத்துப் பதினைந்து கமெண்ட் இருந்தன. பாதி அந்த ஆளுடையது. மீதியில் நாலு ஒரே பெண் எழுதியது. முதலாவது ஒன்பது நாளைக்கு முன்னால் வந்திருந்தது. 'மாவு கசப்பா இருக்குதுங்க, இப்படித்தான் இருக்குமா?' மறுநாள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, ஒன்றரை வயதுக் குழந்தை வாந்தி எடுக்கிறது என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த நாள், 'வாந்தி நிக்கலிங்க. இன்னும் குடுக்கலாமா?' நாலாவது வந்து நாலு நாளாகியிருந்தது. 'வாந்தியும் பேதியும் போவுது. யாராச்சும் சொல்லுங்க.'

அதற்கு மேல் எதுவும் இல்லை. அந்த மூன்றாவது கமெண்ட்டை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஒரு தாய் குழந்தைக்கு இன்னும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். ஏழு நாளாக யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதும் கொடுத்துக்கொண்டிருப்பாளோ? உடனே அவருக்குத் தனிச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை. அதிலேயே போன் போட்டுப் பார்த்தேன். மணியே அடிக்கவில்லை.

கீழே ஓடி அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். முகம் வெளுத்துப்போனாலும் வாயில் முதலில் வந்தது, "இத மொதல்ல எடுத்துடு பாப்பா, எவனாச்சும் பாத்தா கடைய மூட வேண்டியதுதான்" என்பதுதான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறைத்து வைத்தவளே நான் என்பதால் கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை. பாக்கெட் படத்தைப் பெரிதாக்கி, அரைத்த தேதியை மட்டும் காட்டினேன்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு நாள் அரைத்ததிலும் ஒரு பாக்கெட்டை அலமாரியில் தேதிவாரியாக எடுத்து வைப்பார்கள். அக்கா அந்தத் தேதிப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். மாவு கட்டி கட்டியாக இருந்தது. முகர்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தவர், நேராகக் குழாயடிக்குப் போய்த் துப்பினார். வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க மழை, தானியம் சரியாகக் காயவில்லை, ஆர்டர் நெருக்குகிறது என்று தான்தான் அரைக்கச் சொன்னதாக அவரே சொன்னார். அப்புறம் வேன் சாவியை எடுத்துக்கொண்டார்.

எங்கே போவது என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, முகம்கூட இல்லை. ஒரு ரோஜாப் பூதான் படம். ஆனால் அவர் போட்ட பாக்கெட் படத்தில், விலைக்கு மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டுகிறவர் வெள்ளிமலையில் எங்கள் மாவு வாங்கி விற்கிற கடைக்காரர் ஒருவர்தான் என்றார் அக்கா. அவருக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மழை என்றால் மலையில் டவர் அப்படித்தான்.

வேனில் வெள்ளிமலைக்கே கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டினோம். கோமுகி அணை பக்கம் வந்தபோதுதான், மலை ஏறிவிட்டால் சிக்னல் இருக்காது என்று எனக்கு உறைத்தது. இந்த ஒரு பெண்ணுக்கு மட்டுமா அந்த மாவு போயிருக்கும்? ஃபேஸ்புக் பக்கத்தில் இப்போதே அறிவிப்புப் போட வேண்டும் என்றேன். அக்கா வண்டியை ஓரம் கட்டினார். வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எட்டு வருடமாக ஒற்றை மிஷினில் தொடங்கி வளர்த்த தொழில் அது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"போடு" என்றார். "மழைல கெட்டுபோச்சின்னு எழுதாத. எங்க தப்புன்னு எழுது."

தேதியைக் குறிப்பிட்டு, இந்த மாவை யாருக்கும் கொடுக்க வேண்டாம், எங்கள் தப்பு என்று எழுதினேன். அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்து மழையில் இறங்கி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் மலை ஏறினோம்.

கடைக்காரரின் அலமாரியில் அதே தேதி போட்ட பாக்கெட் ஒன்பது இருந்தன. அக்கா எல்லாவற்றையும் வாரி வேனில் போட்டார். கைக்குழந்தையோடு வந்து மாவு கசக்கிறதே என்று கேட்ட ஒரு பெண்ணைக் கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. மூலிகை சேர்த்தது, அப்படித்தான் இருக்கும் என்று அவர் சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஊரையும் வீட்டு அடையாளத்தையும் அவரே சொன்னார். அங்கிருந்து மூன்று, நாலு கிலோமீட்டர், பாதி தூரம் சேறு.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்றுகூடக் கேட்காமல், "புள்ளய தூக்கிகினு முந்தாநேத்தே கீழ போய்ட்டாங்க. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கி. கண்ணு சொருகிகிச்சி புள்ளைக்கி" என்றார். அதற்கு அப்புறம் தகவல் ஏதும் உண்டா என்று அக்கா கேட்டார். டவர் இல்லாமல் யார் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சோளத்தை எடுத்தார்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் எனக்கு ஒரே நினைப்புதான். இரண்டு நாளாக அந்தக் குழந்தை கள்ளக்குறிச்சியில், நான் இருந்த மாடி அறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் படுத்திருந்திருக்கிறது. நான் ஜன்னலை மூடிக்கொண்டு எந்த நேரத்தில் பதிவு போட்டால் லைக் வரும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் குழந்தை உயிரோடு இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுகொண்டு வந்தார். நான் சாமி பெயர் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

குழந்தைகள் வார்டுக்குப் போனபோது விளக்குப் போடுகிற நேரம். மலையிலிருந்து வந்த ஒன்றரை வயதுப் பிள்ளை என்று கேட்டதும், நர்ஸ் கடைசிக் கட்டிலைக் கை காட்டினார். குழந்தை உட்கார்ந்திருந்தது. ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காகக் கையில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை, பிடிவாதமாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உடம்பில் நீர் வற்றித்தான் வந்தான், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாக நர்ஸ் சொன்னார்.

அந்தத் தாய்க்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தான் யார் என்று சொல்லி அழுதார். அந்தப் பெண் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் நின்றிருந்தேன். அவரோ எங்களை உட்காரச் சொல்லி இடம் ஒதுக்கினார். பாக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணியிருக்கலாமே என்று அக்கா கேட்டதற்கு, பெரிய கம்பெனிக்குப் போன் பண்ணிப் பேசக் கூச்சமாக இருந்தது, எழுதினால் யாராவது பார்ப்பார்கள் என்று எழுதினேன் என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது.

"மாவு மேலதான் சந்தேகமா இருந்திச்சி. ஆனா நான் எழுதனதுக்கு மேலயும் கீழயும் எல்லாரும் சூப்பரு சூப்பருன்னு போட்டுகினே கீறாங்க. இத்தினி பேரு பாத்துகினு யாருமே ஒண்ணும் சொல்லல. அப்ப மாவு நல்லாதான் கீது, எம்புள்ளைக்குதான் ஒத்துக்கலன்னு நெனச்சி, இன்னும் ரெண்டு நாளு குடுத்தேங்க."

இரண்டு நாளாகச் சார்ஜ் இல்லாமல் அணைந்துகிடந்து, அன்று சாயங்காலம்தான் உயிர் வந்த தன் போனை எடுத்துக் காட்டவும் செய்தார். அவர் போனில் அந்த நாலு கமெண்ட்டும் பத்திரமாக இருந்தன. அந்த வசதியின் குணமே அதுதான். மறைக்கப்பட்ட கமெண்ட், எழுதியவர் கண்ணுக்கும் அவருடைய நண்பர்கள் கண்ணுக்கும் மட்டும் அப்படியே தெரியும். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டோம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். இது எதுவும் வேறு யாருக்கும் தெரியாது, உங்கள் போனில் மட்டும்தான் இப்படி இருக்கும் என்று என் போனில் காட்டி நான்தான் விளக்கினேன்.

அவர் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இத்தினி நாளா நான் யார்கிட்ட பேசிகினு இருந்தேன்?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான், சில வார்த்தைகள் இருந்தால் ஃபேஸ்புக் தானாகவே மறைத்துவிடும் என்றேன். அந்த வார்த்தைகளை யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. அக்கா ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

குழந்தை இரண்டு நாளில் வீட்டுக்குப் போனான். அந்தத் தேதி மாவு முழுவதையும் அக்கா திருப்பி வாங்கிக் குழி தோண்டிக் கொட்டினார். என் வார்த்தைப் பட்டியலை அன்றைக்கே அழித்தேன். மறைந்திருந்த எல்லாமும் வெளியே வந்தன. திட்டு மழையாகக் கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினோம். விற்பனை பாதியாகி, ரொம்ப நாள் கழித்துத்தான் கொஞ்சம் எழுந்தது. இப்போது எந்தக் கம்பெனியின் பக்கத்தை அலசக் கூப்பிட்டாலும், மறைந்துகிடப்பவற்றைத்தான் முதலில் திறக்கிறேன். அதை நல்ல பழக்கம் என்று பலர் பாராட்டும்போது எனக்குக் கூசுகிறது. அந்தப் பெண் இத்தனை நாளாக என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். அதை அந்தக் கட்டிலருகே நின்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை என்பதுதான், குழந்தை பிழைத்த பிறகும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிற விஷயம்.