நயினாதீவுத் தையல்காரர் ஜுனைதீனும் ரெண்டு பவுண் காப்பும்

ஜுனைதீனின் வாப்பா ஊர்ச் சைவ வீட்டுப் பர்வதவர்த்தினி அக்காவுக்கு ஆறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். தொண்ணூறாம் ஆண்டு மாசியில் தையல் மெசின் வாங்கவென்று அக்கா தன் ரெண்டு பவுண் காப்பை விற்றுக் கொடுத்த காசு அது. அந்த ஐப்பசியில் இயக்கக்காரர் முஸ்லிம்களை வடக்கை விட்டே வெளிக்கிடச் சொன்னார்கள். வாப்பா கடனை அடைக்காமலே, அகதியாகப் போன புத்தளத்தில் மௌத்தானார். கடனோடு செத்துப்போன ஆளின் ரூஹுக்கு நிம்மதி இல்லை என்பது எங்கள் மார்க்கம். அந்தப் பயம் ஜுனைதீனை விடவே இல்லை.

ஜுனைதீனின் கூட்டாளி நான், படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். பழைய இரும்பு பொறுக்கித் தொடங்கி இன்று மூன்று லொறி ஓடுகிறது. ஒருத்தரும் தூக்கிவிடவில்லை. மார்க்கமும் அப்படித்தான், நானாகக் கேட்டுப் படித்தது. ஏப்ரலில் ஈஸ்டர் அன்று வெடித்த குண்டுகளுக்குப் பிறகு குறிகட்டுவான் படகில் ஆராவது இஸ்லாத்தைப் பற்றி ஒரு சொல் கேட்டால், நயினாதீவு வருமட்டும் விடமாட்டேன். விஞ்ஞானத்தோடு சொல்லுவேன். எனக்குத் திருப்பிப் பதில் சொன்ன ஆளை நான் கண்டதில்லை.

ஜுனைதீன் வாயே திறக்கமாட்டான். சண்டை முடிந்து திரும்பி வந்து, நயினாதீவில் பழைய இடத்திலேயே கடை போட்டான். கோயில் திருவிழாவுக்கு ஊர்ச் சனம் தைக்கக் கொடுப்பது அவனிடம்தான். மிஞ்சிய வெட்டுத்துண்டைக்கூடச் சுற்றித் திருப்பிக் கொடுப்பான். மார்க்கத்தைப் பற்றிக் கேட்டால், "எனக்குத் தையல்தான் தெரியும்" என்பான். இவனைக் கேட்டு ஆருக்கு இஸ்லாம் விளங்கும் என்று நான் ஏசியிருக்கிறேன்.

சண்டைக்காலத்தில் கனடா போயிருந்த அக்கா போன வருசம் ஊரோடு வந்துவிட்டா. ஜுனைதீன் காசோடு வெளிக்கிட்டான். பேச ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். ஆறாயிரத்துக்கு மேல் ஒரு சதமும் கொடாதே, வட்டியாகிவிடும் என்று வழியெல்லாம் சொன்னேன்.

அக்கா கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தா. நான் தொடங்கினேன். வட்டி ஏன் ஹராம், இஸ்லாம் ஏன் நீதியான மார்க்கம் என்று அரை மணித்தியாலம். முடிவில், "அதால அக்கா, ஆறாயிரம்" என்றேன்.

அக்கா சிரிச்சா. "நானா, அண்டைக்கு அது ரெண்டு பவுண். இண்டைக்கு ஆறாயிரத்துக்கு நல்ல சீலை ஒண்டு வராது. இதுவோ உங்கட நீதி?"

நான் வட்டியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். படகிலே ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ நானா," என்றான் ஜுனைதீன். என்னை! "அக்கா, நபியவர்கள் வாங்கினதிலும் நல்லதாத் திருப்பிக் குடுத்தவை எண்டு வாப்பா சொல்லுவார். கேட்டு வாங்கினால்தான் வட்டி. கடன் தரேக்கை நீங்கள் கூடக் கேக்கேல்லையே." மடியிலிருந்து காசுக்கட்டு ஒன்றை எடுத்தான். ரெண்டு பவுணின் இன்றைய விலை, நாலு லட்சத்துப் பத்தாயிரம். பன்னிரண்டு வருசம் சேர்த்ததாம். எனக்கே சொல்லவில்லை.

அக்கா கையை இழுத்துக்கொண்டா. "வேண்டாம். உங்களை அனுப்பின அண்டு நான் படலையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை இருந்தனான். என்ன முகத்தோட வாங்கிறது?"

"அது வேற கதை அக்கா. இது வாப்பாட கடன்."

"வாப்பாவுக்காகத் தாறீரோ, மார்க்கம் சொன்னபடியாத் தாறீரோ?"

மார்க்கம் என்று சொல்லடா, சொல்லு, என்று அவன் முழங்கையை இடித்தேன். இதைவிட நல்ல இடம் கிடைக்குமோ?

ஜுனைதீன் காசுக்கட்டின் நூலை அவிழ்த்தான். "தெரியேல்ல அக்கா. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க எனக்கு ஏலாது."

இத்தனை வருசம் வாதாடிய எனக்கு அது தோல்வியாகத்தான் பட்டது. அக்காவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினா. என் அரை மணித்தியாலத்துக்கு மசியாத மனுசி, தெரியாது என்றவனுக்கு ஏன் மசிந்தா? வாதம் எது, அத்தாட்சி எது? இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அவன் ஐயாயிரம் தாள் எண்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக எண்ணி, அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தான்.