படம் வரைந்து அழுதேன்

என் மகன் டேனியல், பக்கத்து ஊரான மேருவுக்கு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். பத்தொன்பது வயது. அடக்கத்தில்கூட எனக்குக் கண்ணீர் வரவில்லை. அதன்பிறகு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. எங்கள் ஊரான கிள்ளானின் கடைத்தெருவில் காரணமே இல்லாமல் நடப்பேன். சோறு குழைந்திருந்தால் கத்துவேன். நன்றாக இருந்தாலும் கத்துவேன். காரை வாசலுக்குள் ஏற்றாமல் ரோட்டிலேயே நிறுத்துவேன்.

சபையில் மட்டும் நான் வேறு ஆள். எங்கள் சபையில் காய்ச்சலோடு வருகிறவர்கூட "சுகமானேன்" என்று விசுவாச அறிக்கை செய்வதுதான் வழக்கம். நானும் வாராவாரம் எழுந்து, "கர்த்தர் எனக்குச் சமாதானம் தந்தார், ஸ்தோத்திரம்" என்பேன். என் மனைவி மேரி தலையைக் குனிந்துகொள்வாள். மகனை நான் மறந்தே விட்டேன் என்று நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் துணிகளைப் பையில் அடுக்கினாள். "ஜெஞ்சாரோம்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். உங்களோட இருக்க பயமா இருக்கு."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "ஆண்டவரே, எனக்குச் சமாதானமும் இல்லை, ஒன்றும் இல்லை. இவளும் போய்விட்டால் நான் என்ன ஆவேன்? உள்ளே அடைத்துக்கொண்டு நிற்பதை எப்படியாவது வெளியே எடும்" என்று கதறினேன்.

வெளியே வந்தேன். மேரி இன்னும் போகவில்லை. "பிரிக்ஃபீல்ட்ஸ்ல படம் வரைய வச்சு மனசுக்கு வைத்தியம் பாக்கறாங்களாம். கிளினிக் நர்ஸ் சொன்னாங்க. ஒருவாட்டி வர்றீங்களா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பது வயதில் எனக்குப் பாலர் பள்ளியா? ஆனால் ஜெபித்த வாய் மூடுமுன்னே வந்த பதிலைத் தட்டிவிட எனக்குத் தைரியமில்லை.

அங்கே ஓர் இளம்பெண் தாளும் கிரேயானும் தந்தாள். "அங்கிள், அழகா வரணும்னு இல்ல லா. கைக்கு வர்றத போடுங்க."

மகன் முகத்தை வரையப் பார்த்தேன். முடியவில்லை. வீட்டின் முன்புறத்தை வரைந்தேன். வாசலின் ஒரு மூலையில் சிவப்பை வைத்துத் தேய்த்தேன். கை நிற்கவே இல்லை. தாள் கிழிந்தது.

"அது என்னங்க?" என்றாள் மேரி.

"அவன் மோட்டார் நிறுத்துற எடம். அதான் காடிய ரோட்டுலயே விட்டுடறேன். அந்த எடத்துல டயர ஏத்த மனசு வரல, மேரி."

"என்னைய விட்டுட்டுப் போகத்தான் ரோட்டுல நிறுத்துறீங்கன்னு நெனச்சேன்" என்று என் தோளைப் பிடித்தாள். அடக்கத்தில் வராத அழுகை அப்போது வந்தது. அந்நியர் முன்னால் வாய்விட்டு அழுதேன்.

மேரி ஜெஞ்சாரோம் போகவில்லை. எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் இல்லை, நடையும் குறையவில்லை. இப்போது அவளும் கூட நடக்கிறாள். வாராவாரம் இருவரும் போய் வரைகிறோம். போன வாரம் சபையில் எழுந்து, படம் வரையப் போவதைச் சொல்லி, "கர்த்தர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனாலும் அவரை விடவில்லை" என்றேன். ஆராதனை முடிந்ததும் ஒரு வயதான தாய் என்னிடம் வந்து, "தம்பி, அந்த எடத்துக்கு எப்படிப் போறது?" என்று மெல்லக் கேட்டார்.

பிரியமானவர்களே, அவர் முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டாம். இருப்பதை இருக்கிறபடியே கொட்டுங்கள். வார்த்தை வராவிட்டால் கிறுக்கியாவது காட்டுங்கள். எனக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார்.