அணைச் சேற்றில் ஒரு மதியம்

தேங்கிய தண்ணீரை எங்கே கண்டாலும் என் கணவருக்கு வண்டியை நிறுத்தியாக வேண்டும். எனக்கோ வண்டியை விட்டு இறங்கவே மனம் வராது. பதினோரு வருடமாக அபுதாபியில் குடும்பம் நடத்துகிறோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை.

அவர் முசஃபா தொழிற்பேட்டையில் ஏசி காற்றுக்கான தகர டக்ட் செய்யும் ஒரு பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன். வாரம் முழுக்க தகரம் வெட்டும் சத்தத்திலேயே இருப்பவர். லீவு நாளில் அவருக்குத் தண்ணீர் வேண்டும், அதுவும் அசையாத தண்ணீர். இங்கே ஆறு கிடையாது. ஏரி என்று இருப்பதெல்லாம் மனிதர்கள் தோண்டியது, அல்லது மலை இடுக்கில் சுவர் எழுப்பி மறித்தது. துபாய்க்கு வெளியே மணலில் வெட்டிய ஏரிகளைப் பார்த்தாயிற்று. ஹத்தா அணையில் படகு ஓட்டியாயிற்று. அன்றைக்கு அப்பாவும் மகளும் பச்சைத் தண்ணீரில் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்க, நான் கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல். நான் அப்படி உட்கார்ந்திருக்கும் போட்டோ இன்னும் அவர் போனில் இருக்கிறது.

கடலைக் கண்டு எனக்குப் பயமில்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழமாகும். அணை அப்படியில்லை. மலைச் சரிவு அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. கரையில் நிற்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் ஒரு மலையின் பாதியில் நின்றுகொண்டிருக்கிறோம். இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். "உனக்கு மட்டும் எப்படித்தான் இப்படியெல்லாம் தோணுதோ" என்பார்.

போன பிப்ரவரியில் ஒரு வாரம் நல்ல மழை. மகளுக்கு இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு. புஜைரா பக்கம் மலைக்குள் இருக்கும் ஓர் அணை நிறைந்துவிட்டதென்று அவருடைய பட்டறைக்காரர் யாரோ வீடியோ அனுப்பினார். அந்த அணை வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பது. மழைத் தண்ணீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குவதற்காகவே கட்டியது. சனிக்கிழமை காலையில் அபுதாபி வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

மூன்று மணி நேரப் பயணம். மெயின் ரோட்டை விட்டு மலைக்குள் திரும்பியதும் போனில் சிக்னல் போய்விட்டது. அணையின் மேல்சுவரை ஒட்டி ஒரு சின்ன ரோடு போகிறது. அங்கே வண்டியை நிறுத்தினோம். கீழே இறங்கக் கூடாதென்று அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு போர்டு இருந்தது.

"போர்டைப் பாத்தீங்களா?" என்றேன்.

"அது மழை பெய்யும்போதுதாம்மா. இப்ப வெயில் அடிக்குது பாரு."

எங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்தது உண்மைதான். ஆனால் மேற்கே உள்மலைகளின் மேல் மேகம் கறுத்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் வாய் திறக்கவில்லை. மூன்று மணி நேரம் வந்த பிறகு, இன்னொரு தடவை பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க வேண்டாமென்று இருந்துவிட்டேன். பாறைகளில் கால் வைத்துக் கீழே இறங்கினோம்.

வீடியோவில் பார்த்த அளவுக்குத் தண்ணீர் இல்லை. நான்கு நாளில் பாதி வடிந்திருந்தது. பாறைக்கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஐம்பது அறுபதடி அகலத்துக்கு வண்டல் காய்ந்து, ஓடு பதித்தது போலப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் மேல் நடந்து போனார். தண்ணீரில் மலை தெரியும்படி ஒரு படம் வேண்டுமாம். மகளும் பின்னாலேயே கிளம்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"அம்மா, ப்ளீஸ்."

"ஷூ அழுக்காகும். நில்லு."

அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதற்கும் காரணம் ஷூதான்.

முப்பது அடி போயிருப்பார். வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். இடது காலை ஊன்றி அதை இழுக்கப் பார்த்தார். இடது கால் தொடை வரைக்கும் போய்விட்டது. மேலே காய்ந்திருந்தது விரல் தடிமன் ஓடு மட்டும்தான், அடியில் முழுக்கக் கூழ்.

"மாட்டிக்கிச்சு, இரு" என்றார். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு மூன்று தடவை முக்கி இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் இறங்கினார். பேன்ட் பாக்கெட் சேற்றுக்குள் போனதும் சிரிப்பு நின்றது.

நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"வராதே." அந்தக் குரலில் அவர் என்னிடம் அதுவரை பேசியதில்லை. "ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. வராதே."

போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. அவசர எண்ணை அழுத்தினேன். அதுவும் போகவில்லை. அதையே நான்கைந்து தடவை அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மகள் சொன்னாள், மெதுவாக, வகுப்பில் சந்தேகம் கேட்பவளைப் போல.

"அம்மா, லுக், த வாட்டர். இட்ஸ் மூவிங்."

எனக்கு அப்படித் தெரியவில்லை. அணைத் தண்ணீர் அசைவது கண்ணுக்குத் தெரியாது. அவள் ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டினாள். கல்லின் அடியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். சத்தமில்லை, அலையில்லை. கொஞ்ச நேரத்தில் பாதிக் கல்தான் தெரிந்தது. பிறகு கல் இல்லை. மேற்கு மலையில் பெய்துகொண்டிருந்த மழை எந்த வழியாகவோ அணைக்குள் வந்துகொண்டிருந்தது. அவருக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடி இருக்கலாம். அவர் உடம்பைத் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு இது தெரியாது.

அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று புரியவில்லை. மகளைக் கரையில் விட்டு நான் மட்டும் ரோட்டுக்கு ஓடினால் அவள் அப்பாவிடம் போய்விடுவாள். அவளை மட்டும் அனுப்பவும் பயம், யார் வருவார்கள் என்று தெரியாத ரோடு. இரண்டு பேரும் போனால் அவர் தனியாக நிற்க வேண்டும்.

"நாங்க மேல போய் ஆள் கூட்டிட்டு வரோம்" என்று கத்தினேன்.

"போ. நான் எங்க போயிரப் போறேன்."

அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான். மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறினேன். பாதியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது இடுப்புக்கு மேல் மட்டும் இருக்கும் ஒரு மனிதர், கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி. அவ்வளவு பெரிய மலைகளுக்கு நடுவில் அவ்வளவு சின்னதாக.

ரோட்டில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. மகள் கால் மணி நேரம் என்கிறாள். முதலில் வந்த கார், நான் கையாட்டியதைப் பார்த்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போயிற்று. அடுத்து வந்தது ஆட்டுத் தீவனம் ஏற்றிய ஒரு பிக்கப். நான் நடு ரோட்டில் போய் நின்றுவிட்டேன்.

ஓட்டி வந்தவர் ஒரு பாகிஸ்தானிப் பட்டாணியர். ஐம்பது வயது இருக்கும், மருதாணி போட்ட தாடி. எனக்கு ஹிந்தி அரைகுறை. அன்றைக்கு அதுவும் வரவில்லை. "பாய், மேரா ஹஸ்பண்ட், பானி, மிட்டி" என்று தண்ணீரையும் மண்ணையும் மட்டும் சொல்லிக் கீழே கையைக் காட்டினேன். அவர் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார்.

"தல்தல்" என்றார். புதைசேற்றுக்கு உருதுவில் அந்தச் சொல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது.

பிக்கப்பின் பக்கப் பலகைகள் இரண்டைக் கழற்றி ஒன்றை என் தோளில் வைத்தார். இரண்டு வைக்கோல் கட்டுகளைக் கீழே உருட்டிவிட்டார். மகளிடம் வண்டியிலிருந்த கயிற்றைக் கொடுத்தார். மூன்று பேரும் இறங்கினோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் என் கணவரைச் சுற்றி வந்திருந்தது. ஓடு வெடித்த கோடுகளுக்குள் அது ஓடி நிறைந்துகொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, பலகையை மட்டும் பார்த்தார்.

"ஹில்னா மத்" என்று பட்டாணியர் அதட்டினார், அசையாதே என்று. வைக்கோலைப் பிரித்து வரிசையாகப் பரப்பி, அதன் மேல் பலகையைப் போட்டு, வயிற்றால் தவழ்ந்து போனார். என் கணவரைப் பின்பக்கமாகச் சாய்ந்து பலகையில் படுக்கச் சொன்னார். அவரால் முடியவில்லை. படுத்தால் முகம் தண்ணீருக்குள் போய்விடுமோ என்ற பயம். "லேட்டோ பாய், லேட்டோ", படு படு என்று பட்டாணியர் சொல்லச் சொல்ல என் கணவர் மாட்டேன் என்று தலையாட்டினார். நாற்பத்து மூன்று வயது மனிதர், குழந்தை போல.

அப்போது என் மகள் தமிழில் கத்தினாள். வீட்டில் நாங்கள் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள்.

"அப்பா, அவர் சொல்றத கேளுங்கப்பா."

அவர் படுத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவான வேலை. பட்டாணியர் காலைப் பிடித்து இழுக்கவில்லை. தொடையை ஒட்டிக் கையைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவி, அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கும்படி செய்தார். இறங்க இறங்க சேறு இளகியது. கணுக்காலை மட்டும் ஆட்டு, ஆட்டு என்றார். நான் கரையில், என் கணவரின் அக்குளுக்கடியில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையைப் பாறையில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. இடது கால் வந்தது. அதன் பிறகு வலது கால் வரவே வராதென்று தோன்றும் அளவுக்கு நேரமாயிற்று. பலகையின் ஒரு முனை தண்ணீரில் மிதக்கத் தொடங்கியபோது அதுவும் வந்தது, ஷூ இல்லாமல்.

இரண்டு பேரும் தவழ்ந்தே கரைக்கு வந்தார்கள். பட்டாணியர் கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து என் கணவரிடம், மகளைக் கை காட்டி, நீளமாகத் திட்டினார். அதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாதியே போதும். என் கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

பணம் கொடுக்கப் பார்த்தோம். அவர் கையால் தள்ளிவிட்டார். தாடியைக் கழுவத் தண்ணீர் மட்டும் கேட்டார். காரிலிருந்த இரண்டு பாட்டிலையும் ஊற்றினேன். நனைந்த வைக்கோலை இனி ஆடு தின்னாதென்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அவர் போன பின்பு சுவரோரம் நின்று பார்த்தேன். வெடித்த வண்டல் முழுக்க மூடிப்போய், ஒரே பழுப்புத் தண்ணீராக, சலனமில்லாமல் கிடந்தது. புதிதாக யாராவது வந்தால் அழகான ஏரி என்றுதான் சொல்வார்கள்.

என் கணவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. பிரேக்கில் கால் நிற்காமல் உதறியது. மூன்று தடவை ஃபெயிலாகி வாங்கிய லைசென்ஸ் என்னிடம் இருந்தது. சூப்பர்மார்க்கெட்டைத் தாண்டி அதுவரை நான் ஓட்டியதில்லை. மலை இறங்கும் வளைவுகளில் டிரக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தின. எண்பதுக்கு மேல் போகாமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். தக்காளி சாதத்தை யாரும் திறக்கவில்லை.

மறுநாள் சவூதியின் தம்மாமிலிருந்து என் தம்பி போன் பண்ணினான்.

"லீவுக்கு எங்கயும் போகலையாக்கா?"

"போனோம்டா. ஒரு டேம் பாத்துட்டு வந்தோம்."

"தண்ணி கெடந்துச்சா?"

"கெடந்துச்சு."

வேறொன்றும் சொல்லவில்லை. என் கணவரும் பட்டறையில் சொல்லவில்லை. மகள் மட்டும் கொஞ்ச நாள், மழை வந்தால் அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் நிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. முதுகைக் காட்டி மேல ஏறினீங்க பாரு, அப்பத்தான் பயம் வந்துச்சு."

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அவரிடம் சொல்லவே கூடாதென்று வைத்திருந்த ஒன்று என்னிடமும் இருந்தது. அன்றைக்கு ஏனோ சொல்லிவிட்டேன்.

"மேல ஏறும்போது எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இவர் போயிட்டா இவர் பேர்ல இருக்கற எங்க ரெண்டு பேர் விசாவும் போச்சே, எத்தனை நாள்ல நாட்டை விட்டுப் போகச் சொல்லுவாங்க, இவ ஸ்கூல் பரீட்சை என்னாகும். இதுதாங்க தோணுச்சு. நீங்க அங்க நிக்கிறீங்க, எனக்கு இது தோணுது."

கோபப்படுவாரென்று நினைத்தேன்.

"எனக்கும் அதேதான் ஓடிட்டிருந்துச்சு" என்றார். "பாஸ்போர்ட்டெல்லாம் எந்த டிராயர்ல இருக்குன்னு உனக்குத் தெரியுமான்னு கத்திக் கேக்கலாம்னு பாத்தேன். கேட்டா நீ பயந்துருவேன்னு விட்டுட்டேன்."

சாப்பிட்டு முடித்ததும் பெட்ரூமுக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினார். பாஸ்போர்ட்டுகள், மகளின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் கல்யாணச் சான்றிதழ், எல்லாம் ஒரு நீல ஃபைலில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னது என்று சொல்லிக் கொடுத்தார். எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவைதான். இருந்தாலும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.