தீவுக்கு ஒரு நர்ஸ்

"நான் உங்க தீவுக்கு நர்ஸா வந்தேன், நங்கூரமா வரல!"

தினாய் இதைக் கத்தியது ஊர்ப் பொதுச் சாவடியான மனேபாவின் நடுவில், ஊர்க் கூட்டத்தில். கிழவர்கள் தத்தம் தூணடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூரைக்குக் கீழே பெண்பிள்ளை எழுந்து நின்று பேசுவதே தப்பு, இவள் தொண்டை கிழியக் கத்தினாள். ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். எதிராளிக்குக் கோபம் வந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடத் திட்டலாம்.

"உக்காரு மகளே, கத்தினா தொண்டை காயும்" என்றார் மூத்தவர். "யாராச்சும் நர்சம்மாவுக்கு ஒரு இளநி வெட்டுங்க."

"இளநி வேணாம். வழியனுப்பு விருந்து வேணும். அடுத்த கப்பல்ல நான் போகணும்."

"வச்சிட்டாப் போச்சு. பன்னிங்க கொஞ்சம் கொழுக்கட்டும்."

"ஆறு வருசமா கொழுத்துக்கிட்டே இருக்கு உங்க பன்னி. இந்நேரம் திமிங்கிலமா ஆயிருக்கணுமே!"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மூத்தவரும் சிரித்தார். பிறகு பேச்சு கிணற்றுத் தண்ணீருக்குப் போனது, கூட்டம் கலைந்தது, விருந்துக்கு நாள் குறிக்கவில்லை.

அவள் வந்தது இரண்டு வருஷத்துக்குத்தான். அரசாங்கம் அப்போதுதான் திட்டம் போட்டிருந்தது: கடைக்கோடித் தீவானாலும் தீவுக்கு ஒரு நர்ஸ். சிமெண்ட் தரை, தகரக் கூரை, வெயிலில் ஓடும் ஃப்ரிட்ஜ், அதற்குள் தடுப்பூசி. நல்ல திட்டம்தான், பொய் சொல்லக் கூடாது. அதற்கு முன்னால் இந்தத் தீவில் பிள்ளை பெறுவதும் சாவதும் ஒரே பாயில் நடந்தன. தினாய் வந்த பிறகு பிரசவத்தில் ஒருத்தியும் போகவில்லை. ஆனால் திட்டம் போட்டவர்கள் ஒரு நர்ஸ் என்று எழுதினார்கள். அந்த ஒருத்தி கிளம்பினால் மிச்சம் என்ன என்று யோசிக்கவில்லை. வயர்லெஸ்ஸில் கேட்டால் தலைநகரத்துக்காரன் மரியாதையாகத்தான் பேசினான். "தாராளமா வாங்கம்மா, லீவு உங்க உரிமை. பதிலுக்கு அனுப்ப ஆள்தான் இல்ல. பூட்டிட்டு, சாவியைப் பெரியவங்க கையில குடுத்துட்டு வந்துடுங்க."

அவள் புருஷன் பவுரோ வெள்ளைக்காரன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் இரண்டு மாதம் லீவில் தலைநகரம் தாராவாவுக்கு வருவான், மறுபடி கடல். ஒரு தடவை அவளைப் பார்க்க இந்தத் தீவுக்கே வந்தான். திரும்பிப் போகக் கப்பல் கிடைக்காமல் வேலை போகப் பார்த்தது. அதோடு சரி. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தினாய் வெளியே எடுத்தாள். அவள் வயிற்றில் ஒன்றை வைக்க வேண்டியவன் எந்தத் துறைமுகத்திலோ கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. மாமியார் வீட்டில் அவனுக்கு வேறொருத்தியைப் பேசுகிறார்கள் என்று காற்றோடு சேதி வந்தது.

அந்த வாரம் பவுரோவே தாராவாவிலிருந்து வயர்லெஸ்ஸில் வந்தான். வயர்லெஸ் பேச்சு ரகசியம் இல்லை. அறைக்கு வெளியே தீவில் பாதிப் பேர் குந்தியிருந்தார்கள்.

"தினாய், இந்த லீவுக்கும் நீ வரலேன்னா நான் ஒண்ணும் மரக்கட்டை இல்ல. ஓவர்."

"ஊரே கேக்குது, வாயை மூடு. வரேன். ஓவர்."

"போன தடவையும் வரேன்னுதான் சொன்னே. எனக்கு ஒரு பிள்ளை வேணும் புள்ள. ஓவர்."

வெளியே ஒரு கிழவி சத்தமாகச் சொன்னாள்: "பாவம், நல்ல பையன். அவனை நீந்தி வரச் சொல்லு."

தினாய் நேராகப் படகுக்காரன் புரெத்தியிடம் போனாள். கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும், அங்கே ஆளைக் கொண்டுபோய் ஏற்றுவது அவன் படகுதான்.

"விருந்து வச்சு அனுப்பாத ஆளை நான் ஏத்த மாட்டேன் அக்கா. திருடியைக் கடத்திட்டுப் போற மாதிரி ஆயிடும். அப்புறம் எனக்கு ஊர்ல எவன் மீன் பங்கு குடுப்பான்?"

"உன் பொண்டாட்டிக்கு ரெட்டைப் பிள்ளையை உருவி எடுத்தேனே, அதுக்கு இதுதானா கூலி?"

"அதனாலதான் அக்கா சொல்றேன். அவ மறுபடி முழுகாம இருக்கா."

அவனை அடிக்கக் கை ஓங்கினாள். அவன் நகரக்கூட இல்லை.

ஊர் விருந்து வைக்காவிட்டால் தானே வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ணினாள். மனேபாவில் பன்றியை வெட்டி, கூட்டத்துக்குப் போட்டு, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டால் அதுவும் விருந்துதான். தின்ற வாயால் இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. மாவும் சர்க்கரையும் வைத்திருந்தாள். பன்றிதான் இல்லை. ஒரு வீட்டில் பன்றிக்கு வயிறு சரியில்லை, இன்னொரு வீட்டில் அது மகன் கல்யாணத்துக்கு. மகனுக்கு வயது நாலு.

கடைசியில் நபோவாவின் பட்டி. பெரிய கறுப்புப் பன்றி, காது தொங்கி நின்றது.

"நபோவா அண்ணே, இதை எனக்கு விலைக்குக் குடு."

"விலைக்கா? நீ கேட்டா சும்மா தரமாட்டேனா?"

"சும்மா வேணாம். சும்மா வாங்கினா நாளைக்கு நீ என் வாசல்ல வந்து உக்காந்து எதையாவது கேப்பே. நான் இல்லேன்னு சொல்ல முடியாது. புபுத்தி, மறுக்கக் கூடாத கேள்வின்னு கேட்டுக் கேட்டுத்தான் என்னை ஆறு வருசம் கட்டிப் போட்டீங்க. இது யாவாரம். நூத்தம்பது டாலர்."

"கடையில அரிசி தீர்ந்து எவ்வளவு நாளாச்சு? காகிதத்தைச் சுட்டுத் திங்கவா?"

"அப்ப உன் விலையைச் சொல்லு."

நபோவா வீட்டுக்குள் பார்த்து மகளைக் கூப்பிட்டான். ரூத்தி மெதுவாக வந்தாள். வயிறு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. பாதம் மட்டும் அதற்குள் வீங்கியிருந்தது.

"இவ ஆத்தாளைப் பேறு வலியோட படகுல ஏத்தி, காயலைத் தாண்டிக் கொண்டுபோனேன்" என்றான் நபோவா. "பாதி வழியில முடிஞ்சுது. அப்ப உன் சர்க்காரு வரல. இவளுக்குப் பிள்ளை பொறக்குற வரைக்கும் இரு. அதான் விலை."

"இதுக்குப் பேரு யாவாரமா, கழுத்தறுப்பா?"

"கழுத்தறுப்பு பன்னிக்கு. பேறு முடிஞ்ச மறுநாள் நானே அறுத்து மனேபாவுக்குத் தூக்கிட்டு வரேன். புரெத்தி படகு ஏத்தலேன்னா என் படகு இருக்கு. எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்."

தினாய் ரூத்தியிடம் திரும்பினாள். "என்கூடக் கப்பல்ல வா தாயி. பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காரு."

"அந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா? முடியாது அக்கா. எதுவானாலும் இங்கயே ஆகட்டும்."

தினாய் குனிந்து அவள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. போன வாரம் பார்த்தபோதே ரூத்திக்குப் பிரஷர் ஏறியிருந்தது, இது ஆபத்தான பேறு என்று தினாய்க்குத் தெரியும். அப்பனிடம் சொல்லவில்லை. சொன்னால் போக விடமாட்டார்கள், தன் காலைத் தானே வெட்டிக்கொள்வது போல் ஆகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் ரூத்தியின் வீங்கிய கால்தான் கண்ணில் நின்றது.

மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். அதற்குள் பவுரோ லீவு முடிந்து கடலேறிவிடுவான். எப்படி எண்ணினாலும் அதேதான் வந்தது.

"பணத்தை வாங்கு" என்றாள்.

"அதான் வேணாம்னேனே."

"வாங்கு. அப்பத்தான் பன்னி என்னுது. இல்லாட்டி அடுத்த மாசம் வேற எவனாவது மக வயித்தைக் காட்டி, பன்னி கொழுக்கட்டும்னு சொல்லுவான்."

பக்கத்து வீட்டுக்காரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, நோட்டுகளை நபோவாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பன்றியின் காதில் தன் பாவாடைக் கிழிசலைக் கட்டினாள். ரூத்தியை உள்ளே போய்க் காலை உயர்த்திப் படுக்கச் சொன்னாள். உப்புப் போட்ட மீனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று திட்டினாள். அப்புறம் வயர்லெஸ் அறைக்கு நடந்தாள். அவளுக்கு முன்னாலேயே அங்கே ஆட்கள் குந்தியிருந்தார்கள்.

பன்றிக்கு அவள் கொடுத்த விலை நூற்றைம்பது டாலர், அதோடு பவுரோவின் லீவு முழுவதும்.