விசிறி இல்லாத வேன்

அக்காவின் லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் லயத்து வீடு. அக்காவுக்கு வேலை முடிந்துவிட்டது, கிள்ளானில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறாள். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அவள் அதை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். வீடு இல்லாமல் போகிறவன் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லோரியில் மூட்டை ஏற்றினேன். ஜொகூரில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். சிங்கப்பூரில் கட்டட வேலை, பினாங்கில் சாப்பாட்டுக் கடை. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் பஸ் ஏறி மலைமேல் தானா ராத்தாவில் இறங்கி, அக்கா வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்வேன். கதவுக்குப் பின்னால் என் பாய் சுருட்டி நிற்கும். வேறு யாரையும் அவள் அதில் படுக்க விடமாட்டாள். ஊர்சுற்றி என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வர ஒரு பாய் இருந்ததால்தான் அத்தனை தூரம் போக முடிந்தது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அதனால் ஒரு பழைய வேன் வாங்குவது என்று முடிவு செய்தேன். படுக்க ஒரு பலகை, ஓரத்தில் ஓர் அடுப்பு, உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ள ஒரு கதவு. யாரும் கடிதம் கொடுத்துக் காலி செய்யச் சொல்ல முடியாத வீடு.

"பொண்ணு பாக்குற வயசெல்லாம் போச்சு, இப்ப வேன் பாக்குறான்," என்றாள் அக்கா.

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் போடும் தமிழர் ஒருவர் தன் வெள்ளை வேனை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தோட்டத்தில் அறுத்த காயை திரிங்காப்பில் நிற்கும் லோரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த வேனின் வேலை. மலையை விட்டு இறங்குவது லோரியின் பாடு.

எங்கள் மலையில் பழைய வண்டி வாங்குகிறவன் விடிகிற நேரத்தில்தான் போய்ப் பார்ப்பான். விற்கிறவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் ஏமாந்துபோவோம். நான் போனபோது வேனின் முன்மூடியில் பனி முத்து முத்தாக நின்றது. கையை வைத்துப் பார்த்தேன், கல் மாதிரி சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எடுத்தது.

"தொட்டுப் பாத்தீங்கல்ல தம்பி? ஏமாத்து வேல இல்லலா," என்றார் அவர்.

அடுத்து தரை விரிப்பைத் தூக்கி மூலைகளில் விரலை விட்டுச் சுரண்டினேன். அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து வண்டிகளுக்குள் சேறு புகுந்த வருடத்துக்குப் பிறகு, அங்கே வண்டி வாங்குகிற யாரும் அதைச் செய்யாமல் இருப்பதில்லை. சேறு இல்லை, காய்ந்த கோஸ் இலைதான் இருந்தது. பிறகு முப்பது கூடை கோஸை ஏற்றிக்கொண்டு செங்குத்தான தோட்டப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரிலேயே ஏறியது.

பேசி முடித்ததும் அவர் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த முருகன் படத்தை நகத்தால் மெதுவாகப் பெயர்த்து எடுத்தார்.

"இவர் என்கூட வந்துருவாரு. ஒங்களுக்கு வேணுங்கிற சாமிய நீங்க வச்சிக்குங்க தம்பி."

படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக, புதுசாக இருந்தது. நான் அங்கே எதையும் ஒட்டவில்லை.

வேன் என் பெயருக்கு மாறியதும், பின்னால் பலகை அடித்து மெத்தை போட்டேன். மாதக் கடைசி நாளில் அக்காவின் சாமான்களை ஏற்றினேன். ஓர் இரும்புப் பெட்டி, தையல் மெஷின், இரண்டு மூட்டைத் துணி, சின்ன கேஸ் அடுப்பு. அவள் வீட்டைப் பெருக்கிவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். பாயை நான் கேட்கவில்லை. அவளே சுருட்டி எடுத்து வந்து மெத்தைக்கு மேல் போட்டிருந்தாள்.

தாப்பா வரைக்கும் இறக்கம்தான், வேன் தண்ணீர் மாதிரி இறங்கியது. சமவெளிக்கு வந்ததும் பழைய சாலையில் பீடோர் பக்கம் ஓட்டினேன். உச்சி வெயில். தார் ரோடு பளபளத்தது. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தும், முள்தான் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. செம்பனைத் தோட்டத்து ஓரம் நிறுத்தினேன். ரேடியேட்டர் கொதித்து வழிந்தது.

முன்மூடியைத் திறந்து பார்த்தால், ரேடியேட்டரை ஒட்டி விசிறி இருக்க வேண்டிய இடம் காலி. நான்கு திருகு ஓட்டை மட்டும் இருந்தது. வேனை விற்றவருக்குப் போன் போட்டேன்.

"விசிறியா? அத எப்பயோ கழட்டிட்டேன் தம்பி. கடகடன்னு ஒரே சத்தம். மேல குளுர்ல அது எதுக்கு?"

"எங்கிட்ட சொல்லலியேண்ணே."

"நீங்க கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா. நீங்க கீழயா எறங்கிட்டீங்க?"

அவர் மேல் கோபம் வரவில்லை. குளிரில் எடுக்கிறதா, மேட்டில் ஏறுகிறதா, சேறு இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்தேன். வெயிலைத் தாங்குமா என்று பார்க்கவே தோன்றவில்லை. இருபத்தைந்து வருடம் கீழே வெயிலில் கிடந்து வெந்தவன், ஒரு வண்டி வாங்கப் போனதும் மலைக்காரன் மாதிரிதான் வாங்கியிருக்கிறேன்.

அக்கா இறங்கி வந்து பார்த்தாள். பின்கதவைத் திறந்து அடுப்பை எடுத்து வைத்தாள். அவள் கூடையிலிருந்து ஒரு பெட்டி பாலும் பாத்திரமும் வந்தன. புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கென்றே கொண்டு வந்திருக்கிறாள். கிள்ளானில் மகள் வீட்டுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

"அவ வீடு பழைய வீடுடா. பால் காய்ச்சி எட்டு வருசமாச்சு. இது ஒனக்கு," என்றாள். "நாந்தான் லேட்டு. பாலுக்கு முன்னாடி வண்டி பொங்கிருச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். பால் பொங்கியதும் சர்க்கரை போட்டு எனக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு என் பலகையில் ஏறி, பாய் மேல் படுத்துப் பார்த்தாள்.

"முன்னறைய விட அகலம்தான்," என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். எஞ்சின் ஆறும் வரைக்கும் நான் வெளியே நின்றேன். வண்டியை நிறுத்தி நிறுத்தி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஒரு வழியாகக் கிள்ளான் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு பட்டறையில் விசிறி மாட்டினேன். மகள் வீட்டு வாசலில் அக்கா கேட்டாள், "அடுத்து எங்க?"

"பாக்கலாம்," என்றேன். எங்கே வேண்டுமானாலும் போகலாம்தான். மலாக்கா போனேன், மூவார் போனேன், ஒரு பழ வியாபாரிக்கு இரண்டு மாதம் பெட்டி ஏற்றினேன். நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். கீழே விடியற்காலையிலும் புழுக்கம். விழிப்பு வரும்போதெல்லாம் கை போர்வையைத் தேடியது.

ஒருநாள் காலை மலைக்கு வண்டியைத் திருப்பினேன். ஒரு வேலையும் இல்லை. பாதி மலையில் ஜன்னலை இறக்கினேன், மூக்கு நுனி குளிர்ந்தது. லயத்துக்கு எதிர்வளைவில் நிறுத்தி இறங்கினேன். அக்கா வீட்டுக் கதவுக்கு நீல வர்ணம் அடித்திருந்தார்கள். அவள் கட்டிய கொடிக்கம்பியில் யாருடைய சட்டையோ காய்ந்தது. வாசலில் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளைஞன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். என்னையும், திரை போட்ட வேனையும், உள்ளே தெரிந்த மெத்தையையும் பார்த்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, நான் கேட்காமலே வழி காட்டக் கையை நீட்டினான்.

ஸ்ட்ராபெரி தோட்டம் அந்தப் பக்கம் என்று மலாயில் சொன்னான். தேயிலை பார்ப்பதென்றால் இன்னும் மேலே போக வேண்டும், இங்கே வெறும் வீடுகள்தான் இருக்கின்றன என்றான்.

நன்றி சொன்னேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றதால், அவன் காட்டிய பக்கமே ஓட்டிப் போனேன்.