தோள்வரை எழுந்த கை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த பிறகு என் இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஜெபமும் நின்றுபோயிருந்தது. ஆனாலும் கோவளத்தில் எங்கள் சபையின் சண்டே கிளாசுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வேறு டீச்சர் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

சிறுவர் ஞாயிறுக்காகப் பிள்ளைகளுக்கு ஒரு ஆக்‌ஷன் பாட்டு பழக்கினேன். இயேசப்பா நம்மைத் தூக்கிக்கொள்வார் என்று இரண்டு கைகளையும் மேலே நீட்டிப் பாட வேண்டும். எனக்கே நம்பிக்கை இல்லாத பாட்டு. வாய் பாடியது, கை முடிந்தவரை போனது. பிள்ளைகள் எதைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதற்கும் முன்னால் அவர்கள் வரிசையாக நின்று பாடினார்கள். எல்லோருடைய வலது கையும் மேலே உயர்ந்தது. இடது கை மட்டும் தோளோடு நின்றது.

ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா தன் மகளை என் கண்ணெதிரிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி, அந்தக் கை மட்டும் பாதியிலயே நிக்கிது? நல்லா தூக்க வேண்டியதுதான?"

"டீச்சர் இப்டிதாம்மா தூக்குவாங்க."

"அப்ப எப்டி எட்டும்?"

"இயேசப்பா குனிஞ்சி தூக்கிப்பாரு" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாட்டை எனக்காகப் பாடினேன். இடது கை தோள்வரை வந்தது. அதற்கு மேல் வலித்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.